அண்டாவைக் காத்த மூன்று பேர்

புத்தியைப் பந்தி போட்டுப் பரிமாறின அன்னைக்கு இந்த மூணு பேரும் கை கழுவப் போயிருக்கணும். திரும்பி வந்து பார்த்தப்போ இலையை எடுத்துட்டாங்க. இல்லேன்னா அழகிரி, சிங்காரம், துரைக்கண்ணுன்னு மூணு முழு ஆம்பளைங்க ஒரே சமையல் கோஷ்டியில வந்து சேர நியாயமே இல்லை.

நான் அந்தக் கோஷ்டியில காய் நறுக்குறவ. பேரு பச்சையம்மா. பதினாலு வருசமா இந்த மூணு மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே வெங்காயம் உரிக்கிறேன். கண்ணுல தண்ணி வர்றதுக்கு வெங்காயம் மட்டும்தான் காரணம்னு நினைச்சுடாதீங்க.

எங்க மாஸ்டர் எல்லப்பன். நல்ல கைப்பக்குவம், ஆள் பிடிக்கத்தான் தெரியாது. கோயில், தோப்பு, ஏரிக்கரைன்னு வெட்டவெளியில அடுப்பு மூட்டிச் சமைக்கிறதுதான் எங்க பொழப்பு. வெட்டவெளிக்குக் கதவு ஏது, பூட்டு ஏது? அந்த வருசம் பாத்திரமெல்லாம் ஒண்ணொண்ணா காணாமப் போக ஆரம்பிச்சுது. சித்திரையில ரெண்டு குண்டான் போச்சு. வைகாசியில சாதம் வடிக்கிற பெரிய கூடை போச்சு. ஆனியில ரெண்டு அண்டாவுல ஒண்ணு போச்சு. மிச்சம் இருந்தது இருநூறு பேருக்குச் சோறாக்குற ஒரே ஒரு அலுமினிய அண்டா. அதுவும் போச்சுன்னா கரண்டியைக் கீழே வச்சுட்டு மண்ணு சுமக்கத்தான் போகணும்னு மாஸ்டர் எங்க எல்லார்கிட்டயும் சொல்லி அழாத குறை.

ஆவணியில ஏரிக்கரை முனீஸ்வரன் கோயில்ல ஒரு காதுகுத்து. காலையில ஏழு மணிக்கே இறங்கிட்டோம். பார்த்தா எண்ணெய் டின்னு வரலை. மாஸ்டர் ஸ்கூட்டரை எடுத்துக்கிட்டு டவுனுக்குக் கிளம்பினாரு. கிளம்புறப்போ மூணு பேரையும் வரிசையா நிக்க வச்சுச் சொன்னாரு.

"அண்டாவை விட்டு நகரக் கூடாது. தெரியாத ஆளைக் கிட்ட விடக் கூடாது. எவனும் தூக்கிட்டுப் போக முடியாதபடி பண்ணி வைங்க. புரிஞ்சுதா?"

மூணு தலையும் ஆடுச்சு.

கால் மணி நேரம் அண்டாவைச் சுத்தி அசையாம உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் சிங்காரத்துக்கு ஒதுங்கணும்னு ஆயிடுச்சு. நகரக் கூடாதுன்னு மாஸ்டர் சொல்லியிருக்காரே, என்ன பண்றதுன்னு மூணு பேரும் கூடிக் கூடிப் பேசினாங்க. கடைசியில அண்டாவையும் தூக்கிக்கிட்டு மூணு பேருமா முள்ளுக்காட்டுப் பக்கம் போயிட்டு வந்தாங்க. சோறாக்குற அண்டாவைக் கொண்டு போற இடமாடான்னு கேட்டேன். விட்டு நகரலையே அக்கான்னு பதில் வந்துச்சு.

போயிட்டு வந்ததுல அழகிரிக்கு ஞானம் பொறந்துடுச்சு.

"நாமளே இவ்வளவு லேசாத் தூக்கிட்டோமே. திருடன் தூக்க மாட்டானா?" என்றான்.

எதனால தூக்க முடியுதுன்னு ஆராய்ச்சி நடந்தது. ரெண்டு பக்கமும் வளையம் இருக்கிறதாலதான்னு முடிவாச்சு. அந்த வளையத்துல கழியைக் கோத்துத்தான் கொதிக்கிற அண்டாவை அடுப்பை விட்டு இறக்கணும். அது தெரியாத மடையன் சமையல் கோஷ்டியில இருப்பானான்னு கேட்பீங்க. மூணு பேர் இருந்தாங்க. கோயில் வேலைக்கு வந்த கொத்தனார்கிட்ட உளியும் சுத்தியலும் வாங்கி ரெண்டு வளையத்தையும் பேத்து எடுத்துட்டாங்க. நான் கத்தினது செவிடன் காதுல ஊதின சங்கு.

இப்ப எவன் தூக்குறான் பார்ப்போம்னு அழகிரி அண்டாவை ஒரு தள்ளு தள்ளிக் காட்டினான். அது சாஞ்சுது, உருண்டுது, ஏரிக்கரைச் சரிவுல இறங்கிப் போயே போயிடுச்சு. மூணு பேரும் பின்னாலேயே ஓடினாங்க. தண்ணி ஓரத்துல சேத்துல புதைஞ்சதால நின்னுச்சு. கட்டிப் பிடிச்சு மேலே கொண்டு வர்றதுக்குள்ள நான் ரெண்டு கிலோ கத்திரிக்காய் அரிஞ்சு முடிச்சுட்டேன்.

"தூக்காட்டியும் உருட்டிக்கிட்டுப் போயிடுவான்போல" என்றான் சிங்காரம். "வட்டமா இருக்கிறதுதான் தப்பு."

அந்தத் தப்பையும் திருத்தினாங்க. அடிச்ச அடியில அண்டா நாலு மூலையா ஆயிடுச்சு. சத்தத்துல காது குத்த வந்த குழந்தை, இன்னும் குத்தவே இல்லை, வீறிட்டு அழுதுச்சு.

துரைக்கண்ணு அதுவரைக்கும் வாயைத் திறக்கலை. அவன் வாயைத் திறக்காத வரைக்கும் ஊருக்கு நல்லதுன்னு எங்க பக்கத்துல சொல்லுவாங்க. அன்னைக்குத் திறந்துட்டான்.

"எங்க வீட்டு ஓட்டைக் குடம் அஞ்சு வருசமா தெருவுலதான் கிடக்கு. ஒருத்தன் தொட்டதில்லை."

மத்த ரெண்டு பேரும் அவனை மரியாதையாப் பார்த்தாங்க. அப்புறம் உளியை எடுத்து அண்டாவோட அடியில வச்சாங்க. என் கட்டை விரல் போற அளவுக்கு ஓட்டை. நான் தலையில அடிச்சுக்கிட்டு வெங்காயத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டேன். முட்டாள்கிட்ட வாயைக் கொடுத்தா நம்ம வாய்தான் புண்ணாகும்.

அப்பதான் புளிய மரத்தடியில ஒரு டெம்போ வந்து நின்னுச்சு. வெள்ளை வேட்டி, நெத்தி நிறைய விபூதியோட ஒருத்தர் இறங்கி நேரா அடுப்புப் பக்கம் வந்தாரு. தெரியாத ஆளு கிட்ட வரக் கூடாதுன்னு மூணு பேரும் மறிச்சாங்க. பேரு கேட்டாங்க, வைத்தியலிங்கம்னாரு. அப்பா பேரு, நட்சத்திரம், பிள்ளைங்க எத்தனைன்னு எல்லாம் கேட்டாங்க. அவரும் பொறுமையாச் சொன்னாரு.

"இப்ப தெரிஞ்ச ஆளு ஆயிட்டாரு, விடு" என்றான் அழகிரி.

வைத்தியலிங்கம் அண்டாவைப் பார்த்தாரு. ஒரு சுத்து சுத்தி வந்தாரு. ஓட்டையில விரலை விட்டாரு. அப்படியே மண்ணுல உட்கார்ந்துட்டாரு.

"பாவிங்களா, முப்பது வருசமா பாத்திரம் திருடுறேன். ஒரு பாத்திரத்தை இப்படிப் பண்ண எனக்கு மனசு வந்ததில்லை. இதை எடுக்கத்தான் டீசல் போட்டுக்கிட்டு இவ்வளவு தூரம் வந்தேன்."

"அப்ப எடுத்துக்கலையா?" என்றான் சிங்காரம்.

"இதையா? எனக்கு மானம் இல்லையா?"

மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கிட்டாங்க. திருடனே வேண்டாம்னுட்டான், இதை விடப் பாதுகாப்பு உண்டான்னு அவருக்கு டீ வேற வாங்கிக் கொடுத்தாங்க.

மாஸ்டர் எண்ணெய் டின்னோட வந்து பார்த்தாரு. திட்டலை. டின்னு மேலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கிட்டாரு. பன்னிரண்டு மணிக்குப் பந்தி, இருநூறு இலை, உலை வைக்க அண்டா இல்லை. வந்தவர் யாருன்னு நான் காதுல சொன்னேன். மாஸ்டர் எழுந்து போய் திருடனோட கையைப் பிடிச்சுக்கிட்டாரு. வேற என்ன செய்வாரு?

வைத்தியலிங்கம் யோசிச்சாரு. கறிக்குழம்புக்கு அரைச்சு வச்ச மசாலா வாசனை வந்துச்சு, மனசு இளகிடுச்சு. டெம்போவுல இருந்து ஒரு புது அண்டாவை இறக்கினாரு. எந்த ஊரு அண்டாவோ, யாரும் கேட்கலை. ஒரே ஒரு நிபந்தனை போட்டாரு, அந்த மூணு பேரும் பத்தடி தள்ளி நிக்கணும். சோறு வேகுற வரைக்கும் அடுப்புப் பக்கத்துலயே கையில கம்போட காவல் உட்கார்ந்திருந்தாரு. என் ஆயுசுல திருடன் அப்படி பயந்து நான் பார்த்ததில்லை.

பந்தி நல்லபடியா முடிஞ்சுது. காதுகுத்துக்காரங்க மாஸ்டருக்குத் துண்டு போர்த்தணும்னு சன்னதிக்குக் கூப்பிட்டாங்க. போறப்போ அந்த மனுசன் பழக்க தோசத்துல, பாத்திரமெல்லாம் பத்திரம்டான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. நானும் அரிவாள்மனையைக் கழுவ ஏரிக்குப் போயிட்டேன். அரை மணி நேரம்தான். அதுக்குள்ள நடந்ததை அவங்களே அப்புறம் பெருமையாச் சொன்னாங்க.

அழகிரி போய் வைத்தியலிங்கத்துக்கிட்ட, அண்ணே, உங்க வீட்டுல எத்தனையோ பாத்திரம் இருக்குமே, எப்பவாவது திருடு போயிருக்கான்னு கேட்டானாம். அவரு இவங்க மூஞ்சியைப் பார்த்துட்டு, ஒரு கரண்டி கூடப் போனதில்லைன்னாராம். உண்மைதானே, அவரு வீட்டுல யாரு போய்த் திருடுவா?

நாங்க திரும்பி வந்தப்போ புளிய மரத்தடி காலியா இருந்துச்சு. இரும்பு அடுப்பு இருந்த இடத்துல சாம்பல்தான் மிச்சம். அந்த நாலு மூலை அண்டா மட்டும் நடுவுல நின்னுச்சு. அதைச் சுத்தி மூணு பேரும் காவலுக்கு உட்கார்ந்திருந்தாங்க.

"அடுப்பு எங்கடா? கரண்டி, குண்டான், தட்டெல்லாம் எங்கடா?" மாஸ்டர் சாம்பலைக் காட்டிக் கேட்டாரு.

"பத்திரமா இருக்கு மாஸ்டர். இந்த வட்டாரத்துலயே திருடு போகாத வீடு அவர் வீடு ஒண்ணுதான். அங்கேயே அனுப்பிட்டோம். நாங்களே ஏத்திவிட்டோம். இந்த அண்டாவையும் ஏத்தினோம், அவருதான் இறக்கி வச்சுட்டாரு."

மாஸ்டர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாரு. "அவன் வீடு எங்க இருக்கு? சீக்கிரம் சொல்லு."

அழகிரி குரலைத் தாழ்த்திக்கிட்டு அக்கம்பக்கம் பார்த்தான்.

"அதை மட்டும் எங்ககிட்ட கூடச் சொல்லலை மாஸ்டர். வெளியே தெரிஞ்சா பாத்திரத்துக்கு ஆபத்தாம்."