வேங்கையடி ஈசருக்கு வந்த குடம்

வெள்ளைக்காரர் ஆட்சியில், தென்பாண்டிச் சமவெளியை மேற்குக் கடற்கரையோடு சேர்க்க மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டார்கள். அந்தக் குகைவேலைக் கூலிகளுக்குத் தண்ணீர் சுமந்தவர் ஆவுடைத்தாயார். அரை மைல் கீழே இருந்த சுனைக்கும் குகை வாயிலுக்கும் நாளெல்லாம் ஏறி இறங்குவதே அவருடைய பிழைப்பு. வாயிலருகே ஒரு வேங்கை மரத்தடியில் சிவலிங்கம் ஒன்று இருந்தது. கூரையில்லை, பூசாரியில்லை. விடிந்ததும் முதற்குடத்தை அந்த ஈசருக்கு ஊற்றிய பிறகே அம்மையார் மற்றவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பார்.

அவருடைய கணவர் பூலுடையாரும் அங்கே பாறை உடைத்தவர்தான். ஒருநாள் பாறைக்கு வைத்த வெடி முந்திக்கொண்டது; அவர் பிழைக்கவில்லை. காரியங்கள் முடிந்த மறுநாளே அம்மையார் குடத்தோடு மரத்தடிக்கு வந்து நின்றார். மேஸ்திரி குருவையா பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏளா, ஒம் புருசனக் காப்பாத்தாத கல்லுக்கு இன்னும் என்ன குளிப்பாட்டு?"

"அவுக இருந்தப்பவும் ஊத்துனேன். இப்ப நிறுத்துனா, அவுகளுக்காவத்தான் ஊத்துனேன்னு ஆயிரும்லா" என்றார் அம்மையார்.

அந்த ஆண்டு சித்திரையில் சுனை வற்றிச் சேறானது. அடிவாரத்திலிருந்து மாட்டுவண்டியில் தண்ணீர் வந்தது. அதுவும் பொழுது சாயும்போதுதான். கல்லுக்கு ஒரு சொட்டும் கிடையாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அம்மையார் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். காட்டுக்குள் இரண்டு மைல் தள்ளிப் பாறை இடுக்கில் ஓர் ஊற்று கசிவதைக் கண்டுபிடித்தார். சிரட்டையால் அள்ளி அள்ளி ஒரு குடம் நிறைய வெகுநேரம் ஆகும். உதடு வெடித்திருந்தும் அதில் ஒரு வாய் அவர் குடித்ததில்லை. கூலிகள் அவரைக் கிறுக்கி என்றார்கள். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

ஒருநாள் காலை அவர் குடத்தோடு திரும்பியபோது மலை அதிர்ந்தது. குகை வாயில் சரிந்து மூடிக்கொண்டது. உள்ளே மேஸ்திரியையும் சேர்த்துப் பதினொரு பேர். அம்மையார் குடத்தை மர நிழலில் வைத்துவிட்டு ஓடினார். வெளியே இருந்தவர்களோடு சேர்ந்து வெறுங்கையால் கல்லைப் புரட்டினார். உச்சிவேளையில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி பிறந்தது. ஒருவர் பின் ஒருவராகப் பதினொருவரும் உயிரோடு தவழ்ந்து வந்தார்கள். உடம்பெல்லாம் புழுதி; நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. தண்ணீர் வண்டி வர இன்னும் நெடுநேரம் இருந்தது.

குருவையாவின் கண் மர நிழலில் இருந்த குடத்தின்மேல் விழுந்தது. கேட்க வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

அம்மையார் அதைக் கண்டார். ஈசர்முன் கைகூப்பினார். "சாமி, இது உமக்குன்னு கொண்டாந்தது. இவுக தொண்டை காஞ்சு கெடக்காவ. கோவிச்சுக்கிடாதீரும்."

சிரட்டையில் மொண்டு முதலில் மேஸ்திரியிடம் நீட்டினார்.

"சாமித் தண்ணில்லா, தாயி?" அவர் சிரட்டையை வாங்கத் தயங்கினார்.

"குடியும் அண்ணாச்சி. அவரு பொறுத்துக்கிடுவாரு."

பதினொருவரும் குடித்தார்கள். குடம் காலியானது. கணவரைப் பறிகொடுத்த நாட்களிலும் குலையாத அவருடைய நெஞ்சுறுதி அப்போது தளர்ந்தது. ஈசரை வறண்ட தலையோடு விட்டுவிட்டோமே என்று கலங்கி, மன்னிப்புக் கேட்க மரத்தடிக்குப் போனார்.

லிங்கம் நனைந்திருந்தது. உச்சியிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. நேற்று வைத்த பூ ஊறிக் கிடந்தது. வேரடி மண் குழைந்திருந்தது. வானத்தில் ஒரு துணுக்கு மேகமும் இல்லை.

அவர் போட்ட சத்தத்தில் எல்லாரும் வந்தார்கள். குருவையா வழிந்த நீரை விரலால் தொட்டு நாவில் வைத்தார். கண் கலங்கியது.

"தாயி, இப்ப எங்க தொண்டையில எறங்குச்சே, அதே தண்ணி!" என்று அம்மையார் காலில் விழப் போனார்.

"என் கால்ல எதுக்கு? அந்தா, அவரு கால்ல விழும்" என்று விலகிய அம்மையார், மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். பல மாதங்களாக அடைத்திருந்த ஏதோ ஒன்று நெஞ்சை விட்டு இறங்கியதுபோல் இருந்தது.

மறுநாள் முதல் ஈசருக்கு நீர் கொண்டுவர ஊற்றுக்குப் போக ஆளுக்கு ஒருநாள் முறை வைத்துக்கொண்டார்கள். முதல் முறை மேஸ்திரியுடையது. அடுத்த ஆண்டு அந்தக் குகை வழியே ரயில் ஓடியது. பிழைத்த பதினொருவரும் அம்மையாரை அதில் ஏற்றிக் கடல் காட்டி அழைத்து வந்தார்கள்.

தமக்கென வந்த நீர் தவித்த வாய்களுக்குப் போனதில் ஈசர் குளிர்ந்தார். அவரைக் குளிர்வித்த ஆவுடைத்தாயாரின் ஈர நெஞ்சம் வாழ்க.