உள்ளங்கையில் அகப்படாத சத்தம்

பழுதான கம்ப்யூட்டர் ஒன்று கடைக்கு வந்தால் அமலோற்பவம் டீச்சர் எடுத்தவுடன் அதைத் திறக்கமாட்டார். ஓடவிட்டுவிட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைப்பார். பிறவியிலேயே அவருக்குக் காது கேட்காது. மற்றவர்கள் காதால் அறிவதை அவர் கையால் அறிந்தார். விசிறி தட்டுகிறதா, ஹார்ட் டிஸ்க் திணறுகிறதா, உள்ளே எது கொதிக்கிறது, எல்லாம் அந்தக் கையில் வந்துவிடும். பாளையங்கோட்டையில் மற்ற கடைக்காரர்கள் கைவிட்ட பெட்டிகள் கடைசியில் அவரிடம்தான் வரும்.

தொழில் கற்றுக்கொடுப்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர். அவரிடம் படிக்க வந்த சுடலைமுத்து அவரைவிட வயதில் மூத்தவர். ஐம்பதைத் தொடப்போகிறவர். அதற்குமுன் மைக்செட் வைத்திருந்தார். கோயில் கொடை விழா, கல்யாணம், கட்சிக் கூட்டம் எதுவானாலும் "சுடலைமுத்து செட்டா? அப்படின்னா இரைச்சல் இருக்காது" என்பார்கள். குழாய் ஒலிபெருக்கி கட்ட மரம் ஏறுவதற்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போனதும் செட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்து சேர்ந்தார்.

இதை டீச்சரிடம் அவர் சொன்னதில்லை. காது கேளாதவர் முன்னால் காதைப் பற்றிப் பெருமை பேசுவது அழகல்ல என்று நினைத்தார். முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று டீச்சர் விசாரித்தபோது, கரண்ட் வேலை என்று பொதுவாகச் சொல்லிவைத்தார்.

சைகை மொழியை வந்த வேகத்தில் பிடித்துக்கொண்டார். அவர்கள் இருவரும் பேசியதாக இங்கே வருவதெல்லாம் கையால் பேசியவைதான்.

வேலையும் படிந்தது. ஆனால் சுடலைமுத்துவுக்கு ஒரே ஒரு ஏக்கம். அதை அவ்வப்போது டீச்சரிடம் கேட்டுவிடுவார்.

"உங்கள் கை எனக்கு எப்போது வரும்?"

"முன்னால் இருக்கிற பெட்டியைப் பாருங்கள்" என்பார் டீச்சர். அதற்குமேல் ஒன்றும் சொல்லமாட்டார்.

ஒருநாள் காலையில் மெஹருன்னிஸா ஆட்டோவில் ஒரு பழைய கம்ப்யூட்டரை ஏற்றிக்கொண்டு வந்தாள். அவள் செயற்கைக் கால் வடிவமைப்பவள். துண்டான காலின் மிச்சத்தை ஸ்கேனரால் படம் பிடித்து, அந்தப் படத்தைத் திரையில் எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் செயற்கைக் காலில் அது பொருந்தி உட்காரும் குழியை அவள் செதுக்க வேண்டும். ஸ்கேனரும் பழையது. அந்தக் கிழட்டுப் பெட்டியோடு மட்டும்தான் அது ஒத்துப்போகும்.

இப்போது அந்தப் பெட்டி படத்தைத் திருப்பினாலே உறைந்துவிடுகிறது. படம் அப்படியே நிற்கிறது, மவுஸ் நகர்வதில்லை. அணைத்துப் போட்டால் அதுவரை செதுக்கியதெல்லாம் போய்விடுகிறது.

"ஒரு கபடி நடுவர் காத்துக்கிட்டு இருக்காரு அண்ணாச்சி" என்றாள் சுடலைமுத்துவிடம். "அடுத்த வாரம் மாவட்டப் போட்டி. நாற்காலியில உக்காந்து விசில் ஊதச் சொல்றாங்களாம். நின்னு ஊதுறதா இருந்தா வர்றேன், இல்லன்னா வேற ஆளைப் பாருங்கன்னு சொல்லிட்டாரு."

சுடலைமுத்து முறைப்படி ஆரம்பித்தார். கிராபிக்ஸ் கார்டுதான் திரையில் படம் வரையும் பலகை. அதை இயக்கும் மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். மெமரியைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டினார். தூசியை ஊதினார். கார்டின் சூட்டைக் கடத்தும் பசை காய்ந்திருந்தது. சுரண்டிவிட்டுப் புதுப் பசை வைத்தார். படத்தைத் திருப்பினார். கால் பாதி திரும்பி உறைந்தது.

டீச்சர் வந்து உள்ளங்கையை வைத்தார். மெஹருன்னிஸா படத்தைத் திருப்ப, டீச்சரின் கை பெட்டியின் மேல் மெல்ல நகர்ந்து கார்டு இருக்கும் இடத்தில் நின்றது.

"கார்டு கொதிக்கிறது. அது முடிந்துவிட்டது. இந்த வகைக் கார்டு இப்போது எங்கேயும் கிடைக்காது."

சுடலைமுத்து அதை வாயால் சொன்னார். போய் நடுவரிடம் எப்படிச் சொல்வது என்று மெஹருன்னிஸா கேட்டாள்.

சாயங்காலம்வரை பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தார் சுடலைமுத்து. டீச்சரின் கை சொன்ன பிறகு ஏன் அப்படிச் சொன்னார் என்பது அவருக்கே தெரியவில்லை.

பகல் முழுவதும் அவர் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளங்கையைப் பக்கவாட்டில் பதித்திருந்தார். இடது கையால் மவுஸை நகர்த்தினார். உறைந்தது. அணைத்துப் போட்டார். மறுபடி கையை வைத்தார்.

டீச்சர் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். மணிக்கட்டைப் பிடித்து அந்தக் கையைப் பெட்டியிலிருந்து எடுத்தார்.

"என்ன செய்கிறீர்கள்?"

"நீங்கள் செய்வதைத்தான்."

"என்ன தெரிகிறது?"

சுடலைமுத்து வெட்கப்பட்டார். "பெட்டி நடுங்குகிறது. வேறொன்றும் தெரியவில்லை."

டீச்சர் தன் ஸ்கூட்டரின் இருக்கைக்கு அடியிலிருந்து தடித்த கையுறைகளை எடுத்துவந்தார். மழைக் காலத்தில் போட்டுக்கொள்பவை. சுடலைமுத்துவின் இரண்டு கைகளிலும் மாட்டி, பட்டையை இழுத்துக் கட்டினார். ஸ்டூலைத் திருப்பி, திரைக்கு முதுகு காட்டி அவரை உட்காரவைத்தார். பிறகு தானே மவுஸைப் பிடித்துக்கொண்டார்.

சுடலைமுத்துவால் இப்போது தொட முடியாது. படத்தைப் பார்க்க முடியாது. கையுறை போட்ட கையால் ஏனென்று கேட்கவும் முடியாது. தண்டனை என்றுதான் முதலில் நினைத்தார். ஊரில் எத்தனையோ மேடைகளை ஆண்ட தனக்கு இந்த வயதில் இது தேவையா என்று மனம் பொருமியது.

பொருமல் அடங்கியதும் காது திறந்தது.

விசிறிகள் சுற்றும் சத்தம் தனித்தனியாக வந்தது. ஒன்று பருத்த குரல், ஒன்று மெலிந்த குரல். டீச்சர் படத்தைத் திருப்பத் தொடங்கியிருக்க வேண்டும். கொசு ரீங்காரம்போல ஒன்று ஊசியாய் எழும்பியது. அது கார்டின் பக்கமிருந்து வரவில்லை. பெட்டியின் பின்மூலையிலிருந்து வந்தது. ரீங்காரம் ஏற ஏற, விசிறிகளின் குரல் ஒரு மயிரிழை இறங்கியது. பிறகு ரீங்காரம் சட்டென்று அறுந்தது.

திரும்பிப் பார்த்தார். படம் உறைந்திருந்தது.

இன்னொரு முறை என்று தலையை ஆட்டிக் காட்டினார். டீச்சர் அணைத்துப் போட்டார். அதே ரீங்காரம், அதே மூலை, அதே இறக்கம்.

பல்லால் பட்டையைக் கடித்து இழுத்துக் கையுறைகளைக் கழற்றினார்.

"கார்டு இல்லை, டீச்சர்."

டீச்சரின் புருவம் உயர்ந்தது. இந்தக் கடையில் அவர் கை சொன்னதை யாரும் மறுத்ததில்லை.

"கார்டு கொதிக்கிறது. என் கை பொய் சொல்லாது."

"கொதிக்கத்தான் செய்யும். அது உழைக்கிறது. அதற்குத் தீனி போதவில்லை." பின்மூலையைத் தொட்டுக் காட்டினார். வெளியிலிருந்து வரும் மின்சாரத்தை உள்ளே எல்லாவற்றுக்கும் பிரித்துத் தரும் பவர் சப்ளை அங்கேதான் இருந்தது. "இதுதான் கிழடு தட்டிவிட்டது. படத்தைத் திருப்பும்போது கார்டு கூடுதலாக இழுக்கிறது. இந்தப் பவர் சப்ளையால் கொடுக்க முடியவில்லை. கொடையில் சீரியல் செட் விளக்குகள் அத்தனையும் ஒரே நேரத்தில் போட்டால் ஜெனரேட்டர் இழுக்க முடியாமல் முனகும், பாட்டு அப்படியே தொய்யும். அதே சத்தம்."

"உங்களுக்குக் கொடைச் சத்தம் எப்படித் தெரியும்?"

சுடலைமுத்துவின் கைகள் தயங்கின. பிறகு எல்லாவற்றையும் சொன்னார்: மைக்செட், குழாய், ஊர் ஊராக இருந்த பெயர்.

"இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?"

"உங்கள் முன்னால் எப்படிச் சொல்வது? உங்களுக்கு மனசு கஷ்டப்படுமே என்று..."

டீச்சரின் கைகள் மிக வேகமாக அசைந்தன.

"இந்தக் கடையின் நல்ல கருவி ஒன்றைப் பூட்டிவைத்தீர்கள். பூட்டிவிட்டு எனக்கு இரக்கம் காட்டினீர்கள்."

சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

டீச்சர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து வலுவான பவர் சப்ளை ஒன்றை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தார். சுடலைமுத்து பழையதைக் கழற்றித் திறந்து பார்த்தார். உள்ளே இருந்த மின்தேக்கிகள் கெட்டு, தலைகள் உப்பியிருந்தன. புதியதை மாட்டினார். படத்தைத் திருப்பினார். கால் திரும்பியது. முழுச் சுற்றும் சுற்றியது. நிறுத்தாமல் சுழலவிட்டு இருவரும் டீ குடித்தார்கள். அது சுழன்றுகொண்டே இருந்தது. டீச்சர் தன் கிளாஸை வைத்துவிட்டுப் பெட்டியில் கையைப் பதித்துப் பார்த்தார். கார்டு அப்போதும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. கையை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

சாயங்காலம் மெஹருன்னிஸா வந்தாள். சுழலும் காலைக் கண்டதும் டீச்சரின் கைகளைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கைக்குத் தெரியாதது எதுவுமே இல்லை என்று சுடலைமுத்துவிடம் சொன்னாள். அதை டீச்சருக்குச் சொல்லும்படி கேட்டாள்.

சுடலைமுத்து அப்படியே சொன்னார். டீச்சர் தன் கைகளை விடுவித்துக்கொண்டார்.

"அவளிடம் சொல்லுங்கள். என் கை தப்பாகச் சொன்னது. இவர் காதால் கேட்டுக் கண்டுபிடித்தார். இவர் யார் தெரியுமா? சுடலைமுத்து மைக்செட்."

தன்னைப் பற்றித் தானே இதை எப்படிச் சொல்வது என்று சுடலைமுத்து குழைந்தார். டீச்சர் விடவில்லை, ஒவ்வொரு சொல்லையும் அவர் வாயால் சொல்லி முடிக்கும்வரை உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். சொல்லி முடித்தபோது சுடலைமுத்துவின் முதுகு நிமிர்ந்திருந்தது.

மாவட்டப் போட்டியில் நடுவர் நின்றபடியே விசில் ஊதினார். ஒலிபெருக்கியே தேவைப்படாத விசில் என்று மைதானத்தில் பேசிக்கொண்டார்களாம். அவரது போட்டோ மெஹருன்னிஸாவிடமிருந்து வந்தது. அதில் அவர் கோட்டுக்கு வெளியே கால்களை அகட்டி நின்று, ஒருவன் வெளியேறிவிட்டதாகக் கையை உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார். சுடலைமுத்து அதை டீக்கடையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் காட்டினார்.

அதன்பிறகு கடைக்கு வந்த பெட்டிகளின் ஒரு பக்கத்தில் டீச்சரின் கை இருந்தது. மறுபக்கத்தில் சுடலைமுத்து காதைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் ஆசை யாரை விட்டது? ஒரு மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, சுடலைமுத்து மறுபடி கேட்டுவிட்டார்.

"எல்லாம் சரி, டீச்சர். உங்கள் கை எனக்கு எப்போது வரும்?"

டீச்சர் ஒரு திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தார். அதை முடுக்கி முடித்தார். ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்தார். இரண்டு கைகளும் ஓய்ந்தபின் பதில் சொன்னார்.

"இந்தக் கடையில் அது ஒன்று இருக்கிறது. இன்னொன்று எதற்கு?"