வேறு மாடல் மேகசின்

டி.எஸ்.பி. வரதராஜுலு வாங்க வைத்த, குண்டு அடைக்கும் புது மேகசின்கள் வேறு மாடல் துப்பாக்கிக்கு உரியவை. காவலர்களின் துப்பாக்கிக்குள் நுழையும், ஆனால் இரண்டாவது குண்டு சிக்கிக்கொள்ளும். அவற்றை மாட்டிக்கொண்டு ஆறு காவலர்கள் ரவுடி ஒருவனைப் பிடிக்கக் கிளம்பி நின்றார்கள்.

ஆயுதக் கிடங்கு ஏட்டு தெய்வானை, அவை பொருந்துகின்றன என்று கையெழுத்துப் போட மறுத்தாள்.

“சுடும்போது சிக்கும் ஐயா. பசங்க உயிரு போயிடும்.”

“நுழையுதுல்ல? பொருந்துதுன்னு போடும்மா! எனக்கே பாடமா?”

“சரி, போடறேன். உங்க துப்பாக்கியைக் கொடுங்க ஐயா, அதுலயும் ஒண்ணு மாட்டித் தர்றேன். நீங்கதானே முன்னால போறீங்க?”

டி.எஸ்.பி.யின் கை சட்டென்று இடுப்பு உறையைப் பொத்தியது.

“என்னுதுல பழசே இருக்கட்டும்.”

காவலர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒவ்வொருவராக வந்து, புது மேகசினைக் கழற்றி டி.எஸ்.பி.யின் முன்னால் வைத்தார்கள்.

“எங்களுக்கும் பழசைக் கொடுங்க ஏட்டம்மா” என்றார் கடைசிக் காவலர்.