கஸ்பார் அண்ணாச்சி கட்டி வைத்த புயல்

அக்கார்டியன்காரன் பேசும்போது சன்னலை என்னவோ செய்யணும் என்று என் பெரியப்பா சொல்வார். திறந்து வைக்கச் சொன்னாரா, சாத்தச் சொன்னாரா, மறந்துவிட்டது. அன்று சாத்தியிருந்தது.

தூத்துக்குடியில் எங்கள் கடற்கரைத் தெரு அக்கார்டியன் குழுவுக்கு மறுநாள் பொன்விழா. மேடையில் குழுவின் வரலாற்றை வாசிக்கும் வேலை எனக்கு. ஜெர்மனியில் ஹாம்பர்க்கிலிருந்து திரும்பியவன், தமிழ், ஜெர்மன் இரண்டு மொழியிலும் வாசிப்பான் என்று தலையில் கட்டிவிட்டார்கள். குழுவைத் தொடங்கிய இருபது பேரில் மிஞ்சியவர் கஸ்பார் அண்ணாச்சி மட்டும்தான். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கயிற்றால் கட்டிய தன் பழைய அக்கார்டியன் பெட்டியோடு ஒத்திகைக் கூடத்துக்கு வந்திருந்தார். எதிரே குழுவின் செயலாளர் மெட்டில்டா டீச்சர். புளுகு என்று பட்டால் அண்ணாச்சி சொன்னது முழுவதையும் வரலாற்றிலிருந்து அடித்துவிடுவதாக முன்பே சொல்லியிருந்தார்.

அண்ணாச்சி ஆரம்பித்தார். அக்கார்டியனின் காற்றுத் துருத்தியை வரிசை வரிசையாகத்தான் இழுக்கணும் என்பது முதல் கச்சேரியில் யாருக்கும் தெரியாதாம். இருபது பேரும் ஒரே இழுப்பாக இழுத்ததில் கூடத்துக் காற்றெல்லாம் துருத்திக்குள் போய்விட்டது. மெழுகுவர்த்தி அணைந்தது. தலைமை தாங்க வந்தவர் ‘அன்பார்ந்த’ என்று ஆரம்பித்து, அப்புறம் வாயை மட்டும் அசைத்தாராம்.

“நாங்க மூடினப்புறந்தான் அவர் மிச்சப் பேச்சு வெளிய வந்துச்சு. அதுவும் எங்க துருத்தி வழியா, ஸ்வரத்தோட.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். டீச்சர் சிரிக்கவில்லை. குழு தோடி ராகம் வாசித்ததாக முன்பு சொன்னீர்களே, அக்கார்டியன் கட்டையில் ஸ்வரத்தை அசைக்கும் கமகம் எப்படி வரும் என்று கேட்டார்.

“தரையில வராது டீச்சர்.”

அதற்காகத் தோணியில் மேடை போட்டார்களாம். அலை ஆட்ட ஆட்ட ஸ்வரமும் ஆடியதாம். மோகனத்துக்குச் சின்ன அலை போதும். தோடிக்குத் தோணியைத் திருச்செந்தூர் வரை ஓட்டணும். மொசார்ட்டுக்கு மட்டும் நங்கூரம் போட்டுவிடுவார்களாம், ஆடினால் அவர் பாட்டு கெட்டுப்போகும். புதுச் சினிமாப் பாட்டுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அதற்கு மீனே ஆடும் என்றார்.

அடுத்தது புயல். ஓர் ஐப்பசியில் ஊரை நோக்கி வந்ததாம். குழு மொத்தமும் கரையில் நின்று துருத்தியை இழுத்ததாம். மற்ற துருத்தியெல்லாம் கிழிய, மிச்சப் புயலை அண்ணாச்சி தன் துருத்தியில் பிடித்து, வாரைப் போட்டு, இந்தப் பெட்டிக்குள் வைத்துக் கயிறு கட்டிவிட்டாராம்.

“அன்னைக்கு ரேடியோவுல என்ன சொன்னான்? புயல் வலுவிழந்துட்டுன்னான். எப்படி இழந்துச்சுன்னு எவனாவது சொன்னானா?”

“சரி அண்ணாச்சி,” என்றார் டீச்சர். “பெட்டியை அவுத்துக் காட்டுங்க. காத்து வந்தா நாளைக்கு உங்க வரலாறு மேடையேறும். வரலேன்னா நான் எழுதின ஆண்டறிக்கைதான்.”

அண்ணாச்சியின் கை கயிறு வரை போய் நின்றது. விரலில் வலு இல்லை, தம்பி அவிழ்க்கட்டும் என்று பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

“ஒண்ணு மட்டும் சொல்லிட்டேன். வெளிய விழாப் பந்தல் போட்டாச்சு.”

பெட்டியைத் தூக்கி மடியில் வைத்தேன். உள்ளே அக்கார்டியன் இருக்கிற கனம் இல்லை. அண்ணாச்சி என்னைப் பார்க்காமல் சாத்திய சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி, கயிற்றுக்கு மேலே இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினேன்.