ஒளு எடுக்கத் தோதான தண்ணீர்

ஹலால் கோழியிறைச்சி ஏற்றுமதியில் அந்த வட்டாரத்திலேயே பெரிய கை கமாலுதீன் ராவுத்தர். சுற்றுச்சூழல் அறிக்கை கொடுத்தால்தான் சரக்கு எடுப்போம் என்று ஒரு வருஷம் துபாய் கம்பெனி சொல்லிவிட்டது. அதை எழுதும் வேலை ஆபீஸ் கிளார்க் பல்கீஸ் தலையில் விழுந்தது.

“கழிவுத் தண்ணியைச் சுத்தம் பண்ணித்தான் ஓடையில விடுறோம்னு எழுதும்மா. தொழுகைக்கு முன்னால முகம், கை, கால் கழுவி ஒளு எடுக்கிற அளவுக்குச் சுத்தம்னு போடு,” என்றார் ராவுத்தர்.

“சுத்தம் பண்ற மெஷின் ஆறு மாசமா ஓடலையே, முதலாளி?”

“உனக்கு வேலை வேணுமா, வேணாமா?”

பல்கீஸ் சொன்னபடியே எழுதிக் கொடுத்தாள்.

துபாயிலிருந்து அதிகாரி வந்தார். அவருக்குச் சொந்த ஊர் கீழக்கரை, நல்ல தமிழ் பேசினார். நண்பகலில் லுஹர் பாங்கு கேட்டதும் எல்லோரும் தொழுகைக்கு எழுந்தார்கள். வாசலில் பல்கீஸ் ஒரு வாளியோடு நின்றாள். உள்ளே கலங்கிய சிவப்புத் தண்ணீர், மேலே இறகுகள்.

“என்ன கருமம் இது?” என்று ராவுத்தர் மூக்கைப் பொத்தினார்.

“ஓடைக்குப் போற நம்ம தண்ணிதான். ஒளு எடுக்கலாம்னு அறிக்கையில இருக்கே, முதலாளி! நீங்க முதல்ல எடுங்க. விருந்தாளி அப்புறம் எடுக்கட்டும்.”

ராவுத்தரின் கை நீளவே இல்லை. அதிகாரி அறிக்கையை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“மெஷின் ஓடின பிறகு வேற அறிக்கை அனுப்புங்க. இந்தப் பிள்ளை பார்த்து எழுதினதா இருந்தாத்தான் வாங்குவேன்.”

மறுநாளே மெக்கானிக் வந்தார். அதன்பிறகு, அறிக்கையில் எதை எழுதலாம் என்று முதலாளிதான் பல்கீஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.