தின்னாத முட்டைக்குச் சாட்சி

சம்பங்குளத்தின் கரையில் கருவாலன் என்றொரு கீரி, மனைவியோடும் கண் திறக்காத மூன்று குட்டிகளோடும் ஒரு வளையில் குடியிருந்தது.

கோடைக்காலம். ஒருநாள் மதியம் நீர்க்கோழி அலறிய அலறலில் குளமே கூடிவிட்டது. கோரைப்புல்லுக்குள் அது கட்டியிருந்த கூட்டில் ஐந்து முட்டைகளையும் காணோம்!

"இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கருவாலனைப் பிடியுங்கள்!" என்று கூச்சல் போட்டது கொக்கு.

போன வருடம் கருவாலன் கௌதாரி முட்டை ஒன்றைத் திருடி மாட்டிக்கொண்டது உண்மைதான். ஆனால் இந்த முட்டைகளை அது கண்ணால்கூடப் பார்க்கவில்லை. மதியம் முழுக்கக் குட்டிகளோடு தூங்கிக்கொண்டிருந்தது.

குளத்துக்கு நீதிபதி காட்டெருமை. நல்ல மனசு, ஆனால் சட்டம் என்றாலே அதற்குத் தலை சுற்றும். எல்லாவற்றுக்கும் கிளியைத்தான் நம்பியிருந்தது. எழுநூற்று நாற்பது சட்டங்களையும் கிளி மனப்பாடமாக வைத்திருந்தது. பாதிச் சட்டங்கள் அதுவே இயற்றியவை.

"சட்டம் இருநூற்றுப் பதினான்கு, உட்பிரிவு ஏழு!" என்று தொண்டையைச் செருமியது கிளி. "குற்றம் சாட்டப்பட்டவர், தான் செய்யவில்லை என்று நிரூபிக்க வேண்டும். தவறினால் குடும்பத்தோடு குளத்தை விட்டு வெளியேற வேண்டும்!"

சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணீரே இல்லை. கருவாலன் பதறிப்போனது.

"நான் வளைக்குள்தான் இருந்தேன், ஐயா! என் மனைவியைக் கேளுங்கள்!"

"சட்டம் முந்நூற்று இரண்டு. சொந்தக்காரர் சாட்சி செல்லாது!"

"என் வளைக்குள் வேறு யாரால் நுழைய முடியும்?"

"அது சட்டத்தில் இல்லை. சாட்சி இல்லாவிட்டால், சட்டம் நானூற்று ஆறு. காணாமல் போன பொருளைக் கொண்டுவந்து காட்டு!"

"கொண்டுவந்தால்?"

"எடுத்தது நீ என்று ஆகும்."

"கொண்டுவராவிட்டால்?"

"தின்றுவிட்டாய் என்று ஆகும்!"

காட்டெருமை கண்ணை மூடித் திறந்தது. "கொஞ்சம் மெதுவாகச் சொல்லப்பா. எனக்குப் புரியவில்லை."

கிளி மறுபடியும் சொன்னது. அப்போதும் புரியவில்லை.

"சரி, முறைக்கு ஒன்று கேட்டுவிடுகிறேன்" என்று காட்டெருமை திரும்பியது. "அம்மா நீர்க்கோழி, கருவாலன் எடுத்ததை நீ பார்த்தாயா?"

"கோரைக்குள் ஏதோ அசைந்தது..."

"வால்தானே? கறுப்பு வால்தானே?" என்று எடுத்துக் கொடுத்தது கிளி.

நீர்க்கோழி கருவாலனைப் பார்த்தது. இப்போதே போகச் சொல்லிவிடுவார்களோ என்று அதன் மனைவி ஒரு குட்டியை வாயில் கவ்வியபடி வளை வாசலில் நின்றிருந்தது.

"இல்லை" என்றது நீர்க்கோழி. "வாலை நான் பார்க்கவில்லை. இவனை எனக்குப் பிடிக்காது. இவன்தான் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆனால் பார்க்காததைப் பார்த்தேன் என்று சொன்னால் என் முட்டை திரும்பி வருமா? என் பிள்ளைகள் போனது போதும். இவன் பிள்ளைகளும் தண்ணீர் இல்லாமல் சாக வேண்டுமா?"

காட்டெருமை சட்டென்று எழுந்து நின்றது. "இது எனக்குப் புரிகிறது! கிளி, உன் சட்டங்கள் போதும். இனிமேல் குற்றம் சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சந்தேகத்தை வைத்து யாரையும் விரட்டக் கூடாது. கருவாலா, நீ வீட்டுக்குப் போ!"

கிளிக்கு வேலை இல்லாமல் போனது. மூன்றாம் நாள், மனப்பாடம் செய்ய ஒன்றும் இல்லாமல் பாட ஆரம்பித்தது. பாட்டு நன்றாகவே இருந்தது.

முட்டைகளை எடுத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. அடுத்த மாதம் நீர்க்கோழி மறுபடியும் முட்டையிட்டபோது, கருவாலன் தானாகப் போய்க் கரையில் படுத்துக்கொண்டது.

"அக்கா, நீங்கள் இரை தேடப் போய்வாருங்கள். பாம்பு வந்தால் நான் பார்த்துக்கொள்கிறேன்!"

நீர்க்கோழி நான்கு அடி போகும்; திரும்பிப் பார்க்கும். குஞ்சுகள் எல்லாம் பொரிந்து தண்ணீரில் இறங்கிய நாளில்தான் அது திரும்பிப் பார்ப்பதை நிறுத்தியது.

குற்றம் சொல்கிறவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். குற்றத்தை விசாரிக்கும் சட்டமும் எல்லோருக்கும் புரியும்படி எளிமையாக இருக்க வேண்டும்.