பெயிண்ட் போகாத மட்டை

"டீச்சர், எங்கிட்ட பத்து தடவை தோத்தவங்க நீங்க. உங்ககிட்டதான் ஒண்ணு கேக்கணும்னு வரச்சொன்னேன்."

"பதினோரு தடவை சார்" என்றார் ரெஜினா டீச்சர். "மழையில ஆடுனதை விட்டுட்டீங்க."

கேட்டவர் சுடலைமணி. பதினாலு வயதுக்குட்பட்ட பெண்கள் ஹாக்கி அணியின் கோச். மூன்று வருடமாக மாவட்டக் கோப்பை அவருடைய கிளப்பில்தான் இருக்கிறது. ரெஜினா டீச்சர் எதிரணிக் கோச். அவரைவிடப் பத்து வயது இளையவர். அன்று சாயங்காலம் இரண்டு அணிக்கும் ஃபைனல். காலையில் இந்த மனுஷன் அவரைத் தன் மைதானத்துக்கு வரச்சொல்லி நிற்கிறார் என்றால், எவ்வளவு வயிற்றெரிச்சல் இருந்திருக்கும்!

"மாநில அணியில உங்க பிள்ளைங்க ஆறு பேரு. எங்கிட்டருந்து இசக்கி மட்டும்தான். அது எப்படி?"

"மட்டையெல்லாம் வரிசையா வைக்கச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்களேன்."

சரளை மண்ணில் பதினாறு மட்டைகள் படுத்தன. எல்லாம் இரண்டு வருடம் முன்பு ஒரே நாளில் வந்தவை. எல்லாம் நீலம்.

இசக்கியின் மட்டையில் நீலம் மருந்துக்கும் இல்லை. அடுத்த இரண்டில் பாதி இருந்தது. மிச்சத்தில் ஒரு கீறல், ரெண்டு கீறல். பயிற்சியிலும் இசக்கிக்குப் பந்து பொறுக்கிப் போடுவதுதானே மற்றவர்களுக்கு வேலை.

கடைசி மட்டை பளபளவென்று இருந்தது.

"யாரோடது?"

"என்னோடது டீச்சர். பேச்சித்தாய். லெஃப்ட் விங்."

"பந்து வந்தா என்ன செய்வே?"

"இசக்கிகிட்ட தள்ளிட்டு ஒதுங்கிரணும்னு சார் சொல்லியிருக்காங்க."

"வராட்டி?"

"ஒதுங்கியே நிக்கணும்."

சுடலைமணிக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களா, மட்டையை எவ்வளவு பத்திரமா வச்சிருக்கா!"

ரெஜினா டீச்சர் அவரையே பார்த்தார். பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"சாயங்காலம் பாப்போம் சார்."

"டீச்சர், நான் கேட்டதுக்குப் பதில்?"

அவர் பாட்டுக்குப் போய்விட்டார். சுடலைமணி பேச்சியின் மட்டையைக் கையில் எடுத்தார். திருப்பினார். மறுபடி திருப்பினார். வெகு நேரம் கீழே வைக்கவில்லை.

சாயங்காலம் மைதானத்தில் எள் போட இடமில்லை. கிளப் செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "கப் வரலேன்னா நீரு வேற வேலை பாரும்."

ரெண்டுக்கு ரெண்டு. இரண்டு கோலும் இசக்கி போட்டது. இன்னும் நாலு நிமிஷம்.

சுடலைமணி எழுந்தார்.

"இசக்கி! லெஃப்ட் விங்குக்குப் போ. பேச்சி, நீ நடுவுல வா!"

"கிறுக்குப் பிடிச்சிருச்சா இந்தாளுக்கு?" என்று ஒருவன் கத்தினான்.

இசக்கிக்கே புரியவில்லை. "சார், நான் பந்தை யார்கிட்ட தள்ள?"

"பேச்சிகிட்ட."

இசக்கி இருவரை வெட்டிக்கொண்டு பறந்தாள். தள்ளினாள். பந்து பேச்சியின் காலடியில்! எதிரே கோல்கீப்பர் மட்டும்!

பேச்சி வழக்கம்போலக் கோட்டோரம் திரும்பி சாரைப் பார்த்தாள்.

சுடலைமணி மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அவளுக்கு வேறு வழியே இல்லை. சரளையோடு சேர்த்து வீசினாள் ஒரு வீச்சு!

டங்ங்!

கம்பத்தில் பட்டுத் திரும்பியது பந்து. கூட்டம் தலையில் கை வைத்தது. ரெஜினா டீச்சரின் பிள்ளைகள் அதே பந்தைக் கொண்டுபோய் இந்தப் பக்கம் கோல் போட்டார்கள். விசில் ஊதியாயிற்று. ரெண்டுக்கு மூணு.

செயலாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்தார். "நாளையிலருந்து இந்தப் பக்கம் வராதேயும்!"

அதற்குள் பேச்சி மூச்சிரைக்க இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தாள்.

"சார், சார்! இங்க பாருங்க!"

மட்டையின் மூக்கில் விரல் நீளத்துக்கு நீலம் பெயர்ந்திருந்தது.

"ஒரு சாண் உள்ள தள்ளி அடிச்சிருந்தா கோல் சார்! கம்பம் எப்படி அதிர்ந்துச்சு, பாத்தீங்களா? ஐயோ, நீங்க பாக்கவே இல்லையே! நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும்?"

செயலாளர் முறைத்துக்கொண்டு நின்றார். மிச்சப் பிள்ளைகள் பதினைந்து பேரும் மட்டையோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள்.

சுடலைமணிக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது.

"அஞ்சரைக்கு" என்றார். "எல்லாரும்."